சாம்பசிவன் சித்தப்பாவின் சதுரம்

பத்மஜா ஒரு வட்டம். டாக்டர் ராஜையன் அப்படித்தான் வரைந்தார்.

"பெண்ணுன்னா வட்டம். ஆணுன்னா சதுரம். இந்த வியாதி உள்ளவங்களைக் கறுப்பாத் தீட்டணும்" என்று சொல்லி, அவளுடைய வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்கினார். தாளில் அவளைச் சுற்றி அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா, மாமா, தாத்தாக்கள், பாட்டிகள். எல்லாம் வெள்ளை.

பத்மஜாவுக்குப் பத்து வயது. முழங்கை, முழங்கால், முதுகு, தலை என்று எங்கும் சிவந்த திட்டுகள். அவற்றின்மேல் வெள்ளைச் செதில்கள். வியாதியின் பெயர் சோரியாசிஸ்.

"இது பகருமா டாக்டர், மத்தவாளுக்கு ஒட்டிக்குமா?" பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கேட்கும் கேள்வியை அவளே கேட்டாள்.

"பகராது. தொட்டா ஒட்டாது. மூக்கு, முடியெல்லாம் அப்பா அம்மாகிட்டேருந்து வருதில்ல? அதைக் கொண்டுவர்றது ஜீன். இந்த வியாதி வர்றதுலயும் ஜீனுக்குப் பங்குண்டு. ஒண்ணு இல்ல, பல ஜீன். சின்ன வயசுல இவ்வளவு பலமா வந்தா, குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கலாம். யாரோட தப்பும் இல்ல, கேட்டியா? வீட்டுல விசாரிச்சுத் தீட்டிக்கிட்டு திங்கக்கிழமை வா."

யாருடைய தப்பும் இல்லை என்பதை அப்பாவும் அம்மாவும் கேட்டார்கள். ஆட்டோவில் ஏறும்வரை ஞாபகம் வைத்திருந்தார்கள்.

"எங்காத்துல ஒருத்தருக்கும் கிடையாது" என்றார் அப்பா சுந்தரராமன்.

"எங்காத்துல எல்லாருக்கும் பளிங்கு மாதிரி தோல்" என்றாள் அம்மா சூடாமணி.

"அப்போ ஆகாசத்துலேருந்தா வந்தது?"

"உங்காத்து ஆகாசமா இருக்கும்."

வலியசாலையில் வீட்டு வாசலில் இறங்கும்வரை இது நடந்தது. ஆட்டோக்காரர் சில்லறை கொடுப்பதற்கு முன் தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பத்மஜா தாளைப் பார்த்தாள். அவ்வளவு பேரில் அவள் மட்டும் கறுப்பு. இன்னொரு கறுப்பு வேண்டும் என்று ஆசையாக இருந்தது. யாருக்கும் வியாதி வர வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் சொன்னால் போதும்.

முதலில் அனந்தலக்ஷ்மி அத்தையிடம் போனாள்.

"நம்ம வம்சத்துலயா? ஒரு கொசுக்கடித் தழும்பு கிடையாதாக்கும்" என்றாள் அத்தை. சொல்லிவிட்டுக் கணுக்காலைச் சொறிந்தாள். அங்கே கொசு கடித்திருந்தது.

பிறகு மாடிக்குப் போனாள். அது அப்பாவின் தம்பி சாம்பசிவன் சித்தப்பாவின் அறை. மின்சார அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பொத்தான் மாட்டுவார். கோவிலுக்குள் கால் வைக்க மாட்டார். கேட்டால் கம்யூனிஸ்ட் என்பார்.

"சித்தப்பா, உங்க சதுரத்தை என்ன பண்ணட்டும்?"

"அப்படியே விட்டுடு. நான் கம்யூனிஸ்ட்."

"கம்யூனிஸ்டுக்கு வியாதி வராதா?"

"படிச்சிண்டிருக்கேன். தொந்தரவு பண்ணாதே."

அவர் படித்துக்கொண்டிருந்தது பஞ்சாங்கம்.

சனிக்கிழமை பிரதோஷம். எல்லாரும் சிவன் கோவிலுக்குப் போனார்கள். வாசலில் அப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். சட்டையோடு ஆண்களை உள்ளே விடமாட்டார்கள்.

"நான் செருப்புக்குக் காவல்" என்றார் சித்தப்பா. எப்போதும் அவர்தான் காவல்.

உள்ளே பாதி தூரம் போனதும் அத்தைக்கு வில்வ இலைப் பொட்டலத்தின் ஞாபகம் வந்தது. அது செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்த பையிலேயே இருந்தது. அதை எடுக்க பத்மஜா வெளியே ஓடினாள்.

செருப்புகள் தனியாக இருந்தன. சித்தப்பா பூக்கடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. உதடு அசைந்தது. தலைக்குமேல் கை கூப்பியிருந்தார். பொத்தான் ஒன்று கழன்று, சட்டைக் கை முழங்கையைத் தாண்டி இறங்கியிருந்தது.

சிவப்புத் திட்டு. மேலே வெள்ளைச் செதில்.

அது என்னவென்று பத்மஜாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த நொடியே, இதற்குச் சந்தோஷப்படலாமா என்று குழப்பம். சத்தமில்லாமல் வில்வத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சித்தப்பாவுக்குச் சாமி மேல் கோபமில்லை. சட்டையைக் கழற்ற முடியாது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் அம்மாவும் பேசவில்லை.

"உங்கப்பாட்ட, காபி வேணும்னா எடுத்துக்கலாம்னு சொல்லு" என்றாள் அம்மா. அப்பா ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

பத்மஜா தாளை விரித்தாள். பென்சில் முனையைச் சித்தப்பாவின் சதுரத்தில் வைத்தாள். தீட்ட ஒரு நிமிஷம் போதும். சண்டை முடிந்துவிடும்.

தீட்டவில்லை. அது அவருடைய சதுரம்.

தாளோடு களிம்பையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

"சித்தப்பா, முழங்கைக்குப் பின்னாடி எனக்கு நானே போட்டுண்டா கோணலாப் போறது. நீங்க எனக்குப் போட்டு விடுங்கோ. நான் உங்களுக்குப் போட்டு விடறேன்."

சித்தப்பா அவளைப் பார்த்தார். களிம்பைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"எப்போ பார்த்தே?"

"நேத்திக்கு. யார்ட்டயும் சொல்லலை."

ஒரு பொத்தானைக் கழற்றினார். பிறகு மற்றதை.

"பதினாலு வயசுலேருந்து" என்றார்.

பத்மஜா களிம்பை எடுத்து அவருக்குத் தடவினாள். அவர் அவளுக்குத் தடவினார். தார் வாடை அடித்தது. சித்தப்பா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அப்போ கம்யூனிஸ்ட்?"

"சட்டையைக் கழட்டாம இருக்க ஒரு காரணம் வேண்டாமா?"

"கட்சிக்குத் தெரியுமா?"

"கட்சிக்கு என்னையே தெரியாது."

பத்மஜாவுக்குச் சிரிப்பு வந்தது. சித்தப்பாவுக்கும் வந்தது. இருவரும் வாயைப் பொத்தியபோது முகமெல்லாம் களிம்பு ஒட்டியது.

"தனியா இருக்கேன் சித்தப்பா. இதுல பாருங்கோ" என்று தாளைக் காட்டினாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"பென்சிலைக் கொடு. கோட்டுக்கு வெளியில போகாமத் தீட்டணும். உனக்கு வராது."

ஸ்கேல் வைத்துத் தீட்டினார்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே கீழே இறங்கி வந்தார். அத்தை அருகில் வந்து பார்த்தாள்.

"ஏண்டா சாம்பு, இதுக்காடா இத்தனை வருஷமா சாமியைத் திட்டினே?"

"எப்போ திட்டினேன்? பூக்கடைக்குப் பின்னாடி நின்னு கும்பிட்டிண்டிருந்தேன்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா இரண்டு டம்ளர்களில் காபி எடுத்துவந்து, ஒன்றை அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள். ஆனால் அவளுக்கு ஜெயித்த சந்தோஷம் அடங்கவில்லை. நேராகத் தொலைபேசிக்குப் போனாள். திருநெல்வேலியில் இருக்கும் தன் அண்ணாவுக்கு எஸ்.டி.டி. போட்டாள். ராமசேஷன் மாமா எங்கிருந்து பேசினாலும் குரல் கூடம் முழுக்கக் கேட்கும்.

"அண்ணா, கேட்டேளா? எல்லாம் இவாத்துப் பக்கம்தான். முழங்கை ரெண்டுலயும் இருக்கு. இத்தனை நாள் ஒளிச்சு வெச்சிருந்தார். நல்லவேளை, நம்மாத்துல அப்படி யாரும் இல்லை."

மறுமுனையில் சத்தமே இல்லை.

"ஹலோ? அண்ணா? லைன்ல இருக்கேளா?"

"இருக்கேன், இருக்கேன்." மாமாவின் குரல் முதல் தடவையாக மெல்ல வந்தது. "சூடாமணி, அந்தக் களிம்பு பேர் என்ன? மெதுவாச் சொல்லு, எழுதிக்கறேன்."

பத்மஜா பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.