இரண்டாவது குமிழ்

உப்பளம் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் பூர்ணிமா குடையை மடக்கியபோது மழை விட்டிருந்தது. மதியம்தான். ஆனாலும் உள்ளே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கூடம் முழுக்கக் கட்டிவைத்த அட்டைப்பெட்டிகள். அந்துருண்டை வாசனை தொண்டையில் இறங்கியது.

"நெல்லித்தோப்பு கடையிலேர்ந்தா?" என்றாள் செல்வாம்பாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சிப்பாயின், ஊரார் சொல்வதுபோல் ஒரு சொல்தாவின், மனைவி. அவர் இறந்துவிட்டார். இவள் பாரிசில் இருக்கும் மகளிடம் போகிறாள். சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க மதாம். அவரு கடைய வுட்டு வர முடியல. என்னப் பாத்துட்டு வரச் சொன்னாரு."

பூர்ணிமாவின் கணவன் அன்பழகன் பழைய வீடியோ கேம் பெட்டிகளை வாங்கி, பழுது பார்த்து, இணையத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்பவன். ஒரு பெட்டியை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு சொல்வது மட்டும் எப்போதும் பூர்ணிமாதான். ஆட்டத்துக்குத் திருப்பும் குமிழை ஆட்காட்டி விரலால் லேசாக உருட்டிப் பார்த்தால் போதும், உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

குழந்தை போன பிறகு இன்றுதான் முதல் தடவையாக அனுப்பியிருந்தான். வெளியே போய்வந்தால் தேறுவாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

தேறுவதற்கு அவளிடம் வலி என்று எதுவும் இல்லை. சோறு ருசிக்கவில்லை, பசிக்கவும் இல்லை. அம்மா வந்து மடியில் விழுந்து அழுதபோது, அம்மாவின் முதுகில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் மரத்துப் போயிருந்தது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டபோது குழந்தை இறுகப் பிடித்துக்கொண்டது அந்த ஆட்காட்டி விரலைத்தான். அந்தப் பிடி இன்னும் அங்கேயே இருந்தது. விரலை மடக்கினால் தெரியும், சின்னதாக, வெதுவெதுப்பாக. யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம். அந்த ஒரு பயம்தான் அவளிடம் மிச்சமிருந்தது.

செல்வாம்பாள் முக்காலியின் மேலிருந்த துணியை விலக்கினாள். பழுப்பேறிய பிளாஸ்டிக் பெட்டி. பூர்ணிமா கேள்விப்பட்டிராத கம்பெனி. ஆளுக்கொன்றாக இரண்டு வயர், இரண்டு குமிழ். திரையில் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, நடுவில் ஓடும் ஒரு புள்ளி. அதைத் தவறவிடாமல் தட்டித் தட்டி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

"பிரான்சு டிவிக்குன்னு செஞ்சது. நம்ம டிவில கலரும் வராது, சத்தமும் வராது."

"தெரியும் மதாம்."

கவிழ்த்துப் பார்த்தாள். திருகுகளில் கீறல் இல்லை. மோந்து பார்த்தாள். தீய்ந்த வாடை இல்லை. டிவியில் சேர்த்தாள். சாம்பல் நிறத்தில் திரை விழித்தது.

"நீங்க அந்தக் குமிழப் புடிங்க. இதுக்கு ரெண்டு பேரு வேணும்."

"நீ ஆடும்மா," என்று சொல்லிவிட்டுச் செல்வாம்பாள் காப்பி கொண்டுவந்தாள். பூர்ணிமா டம்ளரைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். அவ்வளவு சூடு. ஆவி பறக்கும் தன் டம்ளரை அந்த அம்மாள் உள்ளங்கை முழுவதும் பதியப் பிடித்திருந்தாள்.

பூர்ணிமா விரலைக் குமிழில் வைத்தாள். தேய்மானமே இல்லை. நல்ல பெட்டி. கேட்ட விலைக்கு வாங்கலாம்.

புள்ளியை அந்தப் பக்கம் தட்டினாள்.

எதிர்க்கோடு நகர்ந்து அதைத் திருப்பி அனுப்பியது.

இந்த வகைப் பெட்டி தானாக ஆடாது. அது அவளுக்குத் தெரியும். மெல்லத் திரும்பி முக்காலியைப் பார்த்தாள்.

இரண்டாவது குமிழ் திரும்பிக்கொண்டிருந்தது. கொஞ்சம் இடமாக. கொஞ்சம் வலமாக.

டொக்.

சத்தம் டிவியிலிருந்து வரவில்லை. பக்கத்தில், யாராவது உட்கார்ந்திருந்தால் வாய் இருக்கும் உயரத்திலிருந்து வந்தது.

புள்ளி அவளைத் தாண்டிப் போயிற்று. விரல் நுனி சில்லிட்டது.

"ஒவ்வொரு தடவ தோக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கும்," என்றாள் செல்வாம்பாள், காப்பியை ஆற்றாமலே குடித்தபடி. "அவரு போனப்ப இது முன்னாலதான் உக்காந்தேன். அழுக நின்னுபோச்சி. நல்லாத்தான் இருந்திச்சி."

"இப்ப?"

"இப்ப மக போன்ல அழுவுறா, வாம்மான்னு. எதுக்கு அழுவுறான்னு எனக்குப் புரியல." காலி டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட அது எடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. ஒனக்குத்தான் ஆவும், எடுத்துட்டுப் போ."

அடுத்த புள்ளி கிளம்பிவிட்டது. கை தானாகவே குமிழைத் திருப்பியது. தோற்றாள். விரலில் இருந்த பிடி ஒரு சுற்றுத் தளர்ந்தது.

இதையும் கொடுத்துவிட்டால் எதுவுமே இருக்காது என்று தோன்றியது. பயம்கூட இருக்காது. அது எவ்வளவு சுலபம். அவள் இன்னொரு புள்ளிக்காகக் காத்திருந்தாள்.

அது வந்தது.

விரலை வெடுக்கென்று பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். பல்லால் கடித்தாள். வலித்தது. உள்ளே இன்னும் மெல்லிசாக அந்தப் பிடி.

செல்போனில் அன்பழகனைக் கூப்பிட்டாள். "வேணாங்க."

"ஏன், ஓடலியா?"

"ஓடுது."

"பின்ன என்னா?"

"வேணாம்னா வேணாம்."

செருப்பை மாட்டும்போது செல்வாம்பாள் கதவருகில் வந்து நின்றாள். கோபமில்லை, வருத்தமுமில்லை.

"ஆட்டம் இன்னும் முடியலியேம்மா," என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பூர்ணிமா அழுதாள். அன்பழகன் டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் தோளில் சாய்ந்து, வலது கையை மடியில் போட்டுக்கொண்டாள். பிடி அங்கேதான் இருந்தது. முன்பைவிட இறுக்கமாக, முன்பைவிடச் சூடாக. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னா பூர்ணி, வெரல ஆட்டிகினே இருக்கற?"

கண்ணைத் திறந்தாள். அவள் விரல் திரும்பிக்கொண்டிருந்தது. கொஞ்சம் இடமாக. கொஞ்சம் வலமாக.

"நான் ஆட்டலைங்க."