வெந்நீரில் கரைந்த கிரகம்

1944. ஆயுத பூசைக்கு மறுநாள், காலை எட்டு மணி. வாசலூர்பட்டிக்கு மேலே, அருணாசலத்தின் தொலைநோக்கி அறையில் இருந்த கண்ணாடித் தகடுகள் அத்தனையும் வெறுமையாகிக் கிடந்தன. அந்தத் தகடுகளில் அவர் பல வருடங்களாக எடுத்த நட்சத்திரப் படங்களை யாரோ வெந்நீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள்.

முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேறி வந்த சப்-இன்ஸ்பெக்டர் அர்த்தநாரிக்கு மூச்சு வாங்கியது. அருணாசலம் இடிந்துபோய் மூலையில் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் வேலையை உதறிவிட்டு அவர் தேடியது ஒரு கிரகத்தை. ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கிரகம் இருந்தால், அவற்றின் பாதை துளியளவு நெளியும். அந்த நெளிவைப் படங்களில் கண்டுவிட்டதாக அறிவித்திருந்தார். அதைச் சோதிக்க நாளை சென்னையிலிருந்து ஒரு வானியல் நிபுணர் வருகிறார்.

பூட்டு உடையவில்லை. சன்னல் கம்பி அசையவில்லை. சாவி இரண்டு. ஒன்று அருணாசலத்திடம், இன்னொன்று காவல்காரன் சின்னுசாமியிடம். கூட வந்த ஏட்டு அதற்குள் சின்னுசாமிக்கு விலங்கு மாட்டிவிட்டார். அந்த வேலையில் மட்டும் அவருக்கு அப்படியொரு சுறுசுறுப்பு.

"நான் எதுக்குங்க அழிக்கப்போறேன்? ஊட்டுல புள்ளைங்க காத்துக்கெடக்குதுங்க எசமான்!" என்று சின்னுசாமி அழுதான்.

அர்த்தநாரி அறையைச் சுற்றி வந்தார். ஒரு தகடுகூட உடையவில்லை. கழுவித் துடைத்து, வருட வாரியாகப் பெட்டியில் அடுக்கியிருந்தது. பகையாளிக்கு இத்தனை பொறுமை ஏது? விளக்கு, திருப்புளி, சின்னுசாமியின் கொடுவாள் எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். தொலைநோக்கியில் மட்டும் பொட்டு இல்லை.

"இதுக்கு ஏன் பூசை போடல?"

"வருசா வருசம் வாத்தியாரு அதுல முன்னால இருக்கற பெரிய கண்ணாடியக் கழட்டிக் கழுவி, பொட்டு வெச்சு மாட்டுவாருங்க. இந்த வாட்டி தொடவே வேண்டாமுன்னுட்டாருங்க" என்றான் சின்னுசாமி.

அர்த்தநாரி மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு அருணாசலத்தின் எதிரே உட்கார்ந்தார்.

"ஸ்டேஷன் துப்பாக்கிக்கும் பூசை போடறோமுங்க. கழட்டி மாட்டுனா குறி கொஞ்சம் தள்ளித்தான் போகுது. உங்க கண்ணாடியும் ஒவ்வொரு பூசைக்கும் மயிரிழை திரும்பி உக்காந்திருக்கு. நெளிஞ்சது நட்சத்திரம் இல்லீங்க, உங்க கண்ணாடிதான். அது தெரிஞ்சதாலதான் இந்த வருசம் நீங்க அதைத் தொடல. நாளைக்கு வர்றவரு கண்டுபிடிக்கறதுக்கு முந்தி நீங்களே கழுவிட்டீங்க. மத்தவனா இருந்தா ஒடைச்சிருப்பான், இப்படி அடுக்கி வெச்சிருக்க மாட்டான். சின்னுசாமிய ஜெயிலுக்கு அனுப்பட்டுங்களா?"

அருணாசலம் உடைந்துபோனார்.

"வேண்டாமுங்க. அவனை விட்ருங்க. ஆனா, எவனோ அழிச்சிட்டான்னே எழுதிக்குங்க. அழிஞ்சுபோச்சுன்னா, ஆதாரம்னு ஒண்ணு ஒரு காலத்துல இருந்துச்சுன்னாச்சும் ஆகுமில்லீங்க?"

அர்த்தநாரி சன்னல் வழியே, வெளியே விலங்கோடு நின்ற சின்னுசாமியைப் பார்த்தார்.

"எவனோன்னு எழுதுனா, ஏட்டு மறுபடியும் அவனைத்தானுங்க புடிப்பாரு."

அருணாசலம் எழுந்துபோய்த் தகடுகள் இருந்த பெட்டியை மூடினார்.

"அப்ப எம் பேரையே எழுதிக்குங்க" என்றார் கடைசியில். "கிரகம் இல்லைங்கறதையும் சேத்து எழுதிக்குங்க."