எழுபத்தொன்றாம் நம்பரைக் காணோம்

போன் அடித்தது.

டாய்வோ ஹார்யுவின் போன். ஆனால் அது டாய்வோவின் கையில் இல்லை.

ஒரு வெள்ளைக் கோட்டின் பையில் இருந்தது.

கோட்டுக்காரன் அதை எடுத்துத் திரையைப் பார்த்தான். வெளியூர் எண். சத்தத்தை அடக்கினான். முகமூடிக்குள் சிரித்தான்... சிரித்ததுமே விலாவைப் பிடித்துக்கொண்டு 'ஸ்ஸ்' என்றான்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், நூற்றைம்பது கிலோ உடல் ஒன்று மல்லாந்து கிடந்தது.

அசைவே இல்லாமல்.

*

வெள்ளிக்கிழமை, மாலை ஆறு இருபது.

டுலூத் மூஸ் அணியின் அலுவலகத்தில் ஏழு டெலிவிஷன்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜெனரல் மேனேஜர் வெண்டல் ப்ராக்மன் எட்டாவதாக ஓடிக்கொண்டிருந்தார், மேஜையைச் சுற்றி.

கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடி முடித்த பையன்களை லீக்கின் அணிகள் வரிசைப்படி பொறுக்கிக்கொள்கிற நாள். இரண்டாவது சுற்று. அணிக்கு ஏழு நிமிடம். அதற்குள் பெயரைச் சொல்ல வேண்டும். மூஸின் முறை எட்டாவது.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள் மார்னி ஸ்டோர்லி. அணியின் பாதுகாப்பு அதிகாரி. அதற்கு முன் இருபத்தாறு வருடம் டுலூத் போலீஸில் கொலை வழக்குகள். வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை.

"கூப்பிட்டீங்களாமே பாஸ்?"

"ஒரு ஆளைக் காணோம், மார்னி."

"யாரு?"

"டாய்வோ ஹார்யு. எழுபத்தொண்ணாம் நம்பர் ஜெர்சி. நம்ம ஊர்ப் பையன்." ப்ராக்மன் நின்றார். "போன சீசன்ல, பந்தை எறியற நம்ம க்வார்ட்டர்பேக் டென்னி ரென்ஷாவை எத்தனை தடவை கீழ தள்ளினாங்க தெரியுமா?"

"அறுபத்தொண்ணு. ஊருக்கே தெரியும்."

"டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? அறுபத்திரண்டாவது தடவைக்கு என்னைக் கூப்பிடாதீங்க, பாதிரியாரைக் கூப்பிடுங்கன்னார். டென்னி பந்தை எறியத் திரும்பினா, இடது பக்கம் லாரியே வந்தாலும் அவனுக்குத் தெரியாது. அந்த லாரியை நிறுத்தற ஆள்தான் இந்த டாய்வோ. இவன் ஒருத்தன் வந்தா டென்னி இன்னும் மூணு வருஷம் ஆடுவான். வரலைன்னா..."

"பாதிரியார்."

"எனக்கும் சேர்த்து. இந்தச் சுத்துல முதல் மூணு டீமுக்குள்ள போயிடுவான்னு பேப்பர் பூரா எழுதினாங்க. நமக்குக் கனவுலகூடக் கிடைக்க மாட்டான். இப்ப மூணு டீமும் அவனை விட்டுட்டாங்க."

"சந்தோஷம்தானே?"

"போன் எடுக்க மாட்டேங்கறானே! கடைசி நேரத்துல முட்டியைப் படம் எடுக்கப் போனான்னு ஒரு பேச்சு. முட்டியே போச்சுன்னு இன்னொரு பேச்சு. அதான் ஒருத்தரும் தொடலை."

"நாம போன் பண்ணாமலே பேரைக் குடுத்துட்டா?"

ப்ராக்மன் கண்ணை மூடிக்கொண்டார்.

"போன வருஷம் அப்படித்தான் ஒரு பேரைக் குடுத்தேன். அதே நேரத்துல அந்தப் பய காரேஜ் கூரையிலேருந்து ட்ராம்போலின் மேல குதிச்சிட்டிருந்தான்."

"ரெண்டு காலும் மாவுக்கட்டு."

"முதலாளி சொல்லிட்டார். பையனோட குரலைக் கேட்டப்புறம்தான் பேரைக் குடுக்கணுமாம். கேக்காம குடுத்தா, அடுத்தது என் பேரைத்தான் வெளிய குடுப்பாராம்."

மார்னி ஒரு விதையைக் கடித்தாள்.

"நூத்தம்பது கிலோவை யாரு பாஸ் கடத்துவாங்க? க்ரேன் வேணுமே."

"இன்னும் நாலு டீம். இருபத்தெட்டு நிமிஷம். போ."

*

மோர்கன் பார்க்கில் ஹார்யுவின் வீட்டை யாரும் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வாசலில் பதினான்கு கார்கள்.

கதவைத் திறந்தவள் டாய்வோவின் அம்மா ஐலா. இரண்டு கையிலும் அடுப்புக் கையுறை.

"நீங்க எந்த டீம்மா?"

"மூஸ்."

ஐலாவின் முகம் இறங்கியது. உடனே சமாளித்தாள். "பரவால்ல. எல்லாருமே ஜெயிக்க முடியுமா? உள்ள வாங்க. ஹாட்டிஷ் இப்பதான் அடுப்புலேருந்து எடுத்தேன், கறியும் உருளைக்கிழங்கும் சூடா இருக்கு."

கூடத்தில் இருபது உறவினர்கள் டெலிவிஷனைப் பார்த்தபடி துக்க வீட்டுக்காரர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தட்டு. யாரும் தொடவில்லை.

"பையன் எங்கம்மா?"

"டாக்டர் வந்து கூட்டிட்டுப் போனாரே. அஞ்சேகால் இருக்கும். ஏதோ ஒரு டீமுக்கு இடது முட்டியை இன்னொரு தடவை பாக்கணுமாம். அரை மணியில அனுப்பிடறேன்னார்."

"எந்த டாக்டர்?"

"முகமூடி போட்டிருந்தார். தொப்பி வேற. நல்ல மனுஷன்தான், ஆனா..." ஐலா யோசித்தாள். "அவரே நோயாளி மாதிரி இருந்தாரும்மா. முட்டை மேல உக்கார்றாப்ல சோபாவுல உக்காந்தார். எந்திரிக்க ரெண்டு பேர் கை குடுத்தாங்க. போகும்போது ஐஸ் கட்டி இருக்கான்னு கேட்டு வாங்கிட்டுப் போனார்."

"பையனுக்கா?"

"தனக்கு!"

மார்னியின் வாயில் விதை அப்படியே நின்றது.

"பையன்கிட்ட என்ன பேசினார்?"

"தோள்ல தட்டி, 'மெஷினுக்குள்ள போனா நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது. வாயைத் திறந்தாலும் படம் கலங்கிடும்'னு மூணு தடவை சொன்னார். இவன் சரி சார், சரி சார்ங்கறான். சின்ன வயசுலேருந்தே சொன்ன பேச்சு கேக்கற புள்ளைம்மா."

"காரு?"

"முன் கண்ணாடியில பார்க் பாயிண்ட் ஸ்கேன் கிளினிக் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது."

மார்னி அதற்குள் வாசற்படி பாதி இறங்கியிருந்தாள்.

"ஏம்மா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போறது!"

*

கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பார்க் பாயிண்டில் ஸ்கேன் எடுக்கிற இடம் ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே மூடிவிடுகிற சின்ன இடம்.

காரை விரட்டியபடியே பக்கத்து சீட்டில் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். டாய்வோவைப் பற்றி மூஸின் ஆட்கள் எழுதிய குறிப்பு.

'நான்கு வருடம். நாற்பத்தொன்பது ஆட்டம். குரல் வருவதற்கு முன் அசைந்தது... பூஜ்யம் தடவை.'

க்வார்ட்டர்பேக் 'ஹட்' என்று கத்துகிற வரைக்கும் வரிசையில் நிற்கிறவன் சிலை. இமைத்தால்கூடத் தண்டனையாக அணி ஐந்து கெஜம் பின்வாங்க வேண்டும். பெரிய பெரிய ஆட்களே மாதம் ஒரு முறை தவறுகிற இடத்தில், இவன் ஒரு முறைகூடத் தவறவில்லை.

க்ரேன் வேண்டாம். கயிறு வேண்டாம். 'அசையாதே' என்று ஒரு வார்த்தை போதும்!

மார்னி வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த கணம் ப்ரேக்கை மிதித்தாள்.

பாலம் தூக்கியிருந்தது.

ஏரியிலிருந்து ஒரு இரும்புத்தாதுக் கப்பல் கால்வாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஒரு தெருவே எழுந்து நடந்து போவதுபோல் அவ்வளவு நிதானமாக. மேல்தளத்தில் நின்ற மாலுமி கை காட்டினான். பழக்க தோஷம்... மார்னியும் கை காட்டினாள்.

போன் கதறியது.

"மார்னி, ஏழாவது டீமும் அவனை விட்டுட்டாங்க. அடுத்தது நாம. எங்க இருக்கே?"

"பாலத்துல மாட்டிட்டேன் பாஸ்."

மறுமுனையில் ப்ராக்மன் சொன்ன வார்த்தையை அச்சில் போட முடியாது.

*

கிளினிக்கின் பின்கதவு திறந்திருந்தது.

உள்ளே டக்... டக்... டக்... என்று மெஷின் சத்தம். ஆனால் மெஷினில் ஒரு விளக்குகூட எரியவில்லை. சத்தம் ஜன்னல் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

குழாய்க்குள் பாதியும் வெளியே பாதியுமாகக் கிடந்தான் டாய்வோ. உயிரோடு. உள்ளே இருந்து கண்கள் மட்டும் அவளை நோக்கித் திரும்பின.

"டாய்வோ, எந்திரி. மெஷினே ஓடலை."

கண்கள் 'முடியாது' என்றன.

"பாஸ், ஆள் கிடைச்சுட்டான்," என்றாள் போனில்.

"குரலைக் கேக்கணும். நாலு நிமிஷம்தான் இருக்கு."

"தம்பி, ஒரு ஹலோ சொல்லு."

கண்கள் மறுபடியும் 'முடியாது' என்றன.

"ஹட்!" என்று கத்திப் பார்த்தாள் மார்னி.

ம்ஹூம். எதிரணிக்காரர்கள் இப்படித்தான் கத்தி ஏமாற்றுவார்கள். அதற்கெல்லாம் அசையாமல் இருக்கத்தானே நான்கு வருடப் பயிற்சி? உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினாள். அவன் கண்ணில் நீர் கோத்தது. கால் அசையவில்லை.

"மூணு நிமிஷம், மார்னி!"

அவள் திரும்பினாள். குழாய்க்கு நேர் எதிரே சுவர் அலமாரி. கதவிடுக்கில் வெள்ளைக் கோட்டின் நுனி மாட்டியிருந்தது.

"உள்ள நின்னா விலா வலிக்காதா, டென்னி?"

பிறகு அலமாரிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு.

"...வலிக்குது மேடம்."

கதவு திறந்தது. கையில் ஐஸ் பையோடு நின்றான் டென்னி ரென்ஷா. டுலூத் மூஸின் க்வார்ட்டர்பேக். வயது முப்பத்து நான்கு. விலா எலும்பின் வயது எழுபது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இந்த ஊர்ல ஸ்கேன் கிளினிக் சாவியே கையில வெச்சிருக்கற அளவுக்கு அடி வாங்கினவன் நீ ஒருத்தன்தான்."

"எனக்குன்னு தனியா ஒரு காபிக் கோப்பைகூட இருக்கு," என்றான் டென்னி பரிதாபமாக. "நான் என்ன பண்ணட்டும் மேடம்? அறுபத்தொரு தடவை! என் பொண்ணு பள்ளிக்கூடத்துல குடும்பப் படம் வரைஞ்சா. எல்லாரும் நிக்கறாங்க. நான் மட்டும் படுத்திருக்கேன். இவனை வேற டீம் தூக்கிட்டுப் போயிட்டா நான் செத்தேன். நம்ம முறை வந்ததும் விட்டுடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க, பயத்துல ஒளிஞ்சுட்டேன்."

"ஒரு நிமிஷம்!" போனில் ப்ராக்மன் அழாத குறை. "யாரு அங்க? டென்னியா? அவன் எதுக்கு அங்க?"

"அப்புறம் சொல்றேன் பாஸ். டென்னி, அவன் உன் குரலுக்குத்தான் எந்திரிப்பான். கத்து."

டென்னி விலாவைப் பிடித்துக்கொண்டான். மூச்சை இழுத்தான். பன்னிரண்டு வருடப் பழக்கம்... மற்றதெல்லாம் மறந்துபோக, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"ஹட்!"

அவன் நின்றிருந்த இடம் சரியில்லை.

நேர் எதிரே நின்றிருந்தான்.

ஒன்றரை மணி நேரமாகச் சேர்த்து வைத்த நூற்றைம்பது கிலோவும் ஒரே பாய்ச்சலில் வெளியே வந்தது. டென்னி, ஐஸ் பை, அலமாரிக் கதவு... மூன்றும் ஒன்றாகத் தரையில் கிடந்தன.

"என்ன சத்தம் அது?"

"அறுபத்திரண்டு, பாஸ்."

"பாதிரியாரைக் கூப்பிடவா?"

"மூச்சு இருக்கு." மார்னி போனை டாய்வோவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ஹலோ," என்றான் டாய்வோ. "சார், படம் நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு கண்ணா, வந்துச்சு!" மறுமுனையில் நாற்காலி விழுகிற சத்தம். ப்ராக்மன் தன் ஆட்கள் பக்கம் திரும்பிக் கத்தினார். "பேரைக் குடு, பேரைக் குடுடா! நாலு செகண்ட்... மூணு..."

பிறகு ஒரு பெரிய கூச்சல். யாரோ ப்ராக்மனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். மோர்கன் பார்க்கில் இருபது தட்டுகள் ஒரே நேரத்தில் காலியாகத் தொடங்கியிருக்கும்.

*

டாய்வோ தரையைப் பார்த்தான். வெள்ளைக் கோட்டைப் பார்த்தான். முகமூடி கழன்ற முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தின் சுவரொட்டி அவன் படுக்கை அறையில் ஒன்பது வருடமாகத் தொங்குகிறது.

மெல்லப் புரிந்தது.

"நீங்கதான் டாக்டரா?"

"மன்னிச்சுடுப்பா," என்றான் டென்னி, கதவுக்கு அடியிலிருந்து.

"உன்னால ஏழு டீம் இவனை விட்டுட்டாங்க," என்றாள் மார்னி. "இதுக்கு ஜெயில் உண்டு. தம்பி, நீ சொல்லு. கேஸ் குடுக்கறியா?"

டாய்வோ யோசித்தான். அவன் யோசிப்பது ஒரு பனிப்பாளம் கரை ஒதுங்குவதுபோல. அவசரப்படுத்த முடியாது. டென்னிக்கு வியர்த்தது.

"வேணாம் மேடம். அம்மாவுக்கு நான் ஊர்லயே இருக்கறது சந்தோஷம்தான். மூஸ்னா மட்டும் கொஞ்சம் வருத்தப்படுவாங்க."

ஒரே கையால் அலமாரிக் கதவை அகற்றினான். மறு கையால் டென்னியைப் பூனைக்குட்டியைப்போல் தூக்கி நிறுத்தினான். கோட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டான்.

"இனிமே உங்க இடது பக்கம் நான்தான் நிப்பேன்ணே. நீங்க திரும்பியே பாக்க வேணாம்."

"நிஜமாவா?" டென்னியின் கண் கலங்கிவிட்டது. "என் மேல கோபமே இல்லையா?"

"கோபமா? சேச்சே." டாய்வோ குழந்தைபோல் சிரித்தான். "ஆனா, அசையாம இருக்கறதுல நான் எவ்ளோ கெட்டின்னு இன்னைக்குப் பாத்தீங்கள்ல? ஏதாவது ஒரு ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல, நீங்க 'ஹட்'டுன்னு கத்தின அப்புறமும் அப்படியே நின்னுட்டா... தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. படம் கலங்கிடக் கூடாதேன்னுதான்."