எரியாத மோட்டர்

சாவி றாஸிக்கின் சட்டைப் பையில் கிடந்தது. ஆனாலும் பூட்டிக் கிடந்த காரின் முன்பக்கத்திலிருந்து, தூரத்து அரிசி ஆலையின் இரைச்சலைப் போல ஒரு சத்தம் கொட்டிலைத் தாண்டி, வெறும் அறைகளைத் தாண்டி, அவன் படுத்திருந்த பாய்வரைக்கும் விடாமல் வந்துகொண்டிருந்தது. எழும்பிப் போய் பொனெட்டைத் தூக்கினான். ரேடியேட்டர் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்று மாதமாக ஸ்டார்ட் பண்ணாத கார். எஞ்சின் குளிர்ந்துதான் கிடந்தது. விசிறி தள்ளிய காற்று மட்டும் கொதித்தது. அதில் அவன் மனைவி சுஹறா நெற்றிக்குப் பூசும் தைலம் மணத்தது.

அவளுடைய நாற்பதாம் நாள் கத்தம் ஓதியதோடு, துக்கம் விசாரிக்கச் சனம் வருவது நின்றுபோயிருந்தது. அது சுஹறாவின் சீதன வீடு. அவள் மௌத்தான பிறகு அவன் அங்கே விருந்தாளியைப் போலத்தான் படுத்தெழும்பினான். ஒரு மனிதக் குரலுக்காக ஏங்கிக் கிடந்தவன்தான். ஆனால் இன்றைக்கு யாரும் வரக் கூடாது.

கைபேசி அடித்தது. சுஹறாவின் தம்பி அச்சிமுகம்மது.

"மச்சான், மோட்டர் ஒண்டு கிடைச்சிட்டு. கொண்டுவந்து பூட்டுறன்."

"நாளைக்கு வாங்களன்."

"இல்ல, அசர் தொழுதுட்டு வெளிக்கிட்டுட்டன். ராத்தா இல்லாத வீட்டுல நீங்க தனியத்தானே இரிக்கீங்க."

விசிறி மோட்டர் எரிந்துபோனது என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். பொய். தானாக விசிறியைப் போட வேண்டிய பாகம் பழுதாகி, புதுசு கிடைக்காமல், எல்லாரும் செய்வதுபோல டாஷ்போர்டில் ஒரு சுவிட்சைப் பூட்டியிருந்தான். ஓடும்போது கையால் போட வேண்டும். நெஞ்சு நோவென்ற சுஹறாவைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு வரிப்பத்தான்சேனையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பறந்த அன்று, அதைப் போட மறந்துவிட்டான். வயல்வெளியில் எஞ்சின் கொதித்து நின்றது. அங்கேயே உயிர் பிரியுமுன், கடைசியாக அவள் அந்தச் சுவிட்சைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். வேறு யாருக்கும் தெரியாது.

விசிறி சுற்றுவதை அச்சிமுகம்மது கண்டால் எல்லாம் விளங்கிவிடும். நிறுத்தியாக வேண்டும்.

சுவிட்ச் அணைந்தே இருந்தது. ஃபியூசைக் கழற்றினான். நிற்கவில்லை. ரிலேயைப் பிடுங்கினான். நிற்கவில்லை. பற்றரி வயரைக் கழற்றினான். மோட்டரின் பிளக்கையே இழுத்தெடுத்தான். வயர் கையில் தொங்கியது.

விசிறி சுற்றியது.

தைல மணம் இன்னும் கூடியது. பயத்தில் அவனுக்கு அழுகை வந்தது.

"சுஹறா, ஆருக்கிட்டயும் சொல்லிராதீங்க."

விசிறி நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்டான். அப்போது காரின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. ஓர் ஆள் ஏறி உட்கார்ந்த பாரம். பின் கண்ணாடி உள்ளிருந்து வியர்த்தது.

கேற் திறந்தது. மோட்டரைத் தூக்கிக்கொண்டு வந்த அச்சிமுகம்மது, அவனைப் பார்த்துச் சிரித்தபடியே காரின் பின் கதவருகில் நின்றுவிட்டான். மோட்டர் கையிலிருந்து விழுந்தது. குனிந்தான். கண்ணாடியில் காதை வைத்தான்.

"ஓம் ராத்தா," என்றான் மெதுவாக. "ஓம்... சொல்லுங்க."

நெடுநேரம் தலையாட்டினான். பிறகு, காதை எடுக்காமலே, கண்களை மட்டும் றாஸிக்கின் பக்கம் திருப்பினான்.