மாறாத ஒரு கடவுச்சொல்

எல்லா வரிகளும் மாறியிருந்தன, ஒன்றைத் தவிர.

பாண்டுங் நகரில் வெள்ளிக்கிழமை நண்பகல். கிளினிக்கின் ஆண்கள் தொழுகைக்கும் பெண்கள் பக்ஸோ என்னும் இறைச்சி உருண்டை சூப் குடிக்கவும் போயிருந்தார்கள். தன் திரையை யாரும் பார்த்துவிடக் கூடாதென்றுதான் கிளினிக்கின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் தியுர்மா இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். குளிர் எலும்பில் ஏறும் சர்வர் அறையில், எங்கோ சொட்டும் ஏசித் தண்ணீரையும் தூரத்து ஒலிபெருக்கியில் நடக்கும் பிரசங்கத்தையும் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். கதவு எண்பூட்டால் பூட்டியிருந்தது. தன் கணக்குகள் எல்லாவற்றுக்கும் வைத்த அதே ஆறு எண்களைத்தான் சோம்பேறித்தனமாக அதற்கும் வைத்திருந்தாள்.

"நோயாளிங்க பாஸ்வேர்டையெல்லாம் ஹேஷ் பண்ணித்தானே வெச்சிருக்கே?" என்று முதலாளி வாயுடி இரண்டு வருஷத்துக்கு முன்பே கேட்டிருந்தார்.

"பண்ணியாச்சு பாக்," என்றாள், ஐயா என்னும் மரியாதையோடு.

பச்சைப் பொய். ஹேஷ் செய்துவிட்டால் கடவுச்சொல்லை யாராலும், அவளாலும்கூட, திரும்பப் படிக்க முடியாது. மறந்துபோன கிழவர்கள் போன் செய்வார்கள், அவள் படித்துச் சொல்வாள், அவர்கள் வாயார வாழ்த்துவார்கள். அந்த வாழ்த்து அவளுக்குப் பிடித்திருந்தது.

பிப்ரவரியில் ஒரு ஆண் குரல் வந்தது. "நிங்ரும் என் சம்சாரம்மா. பாஸ்வேர்டை மறந்துட்டா. கொஞ்சம் படியேன்."

ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகப் படித்தாள். அந்தக் கணக்கில் நிங்ருமின் புது முகவரி இருந்தது. அவனுக்குத் தெரியாமல் ஓடி வந்து அவள் ஒளிந்திருந்த வீடு. மூன்றாம் நாள் நிங்ரும் உயிரோடு இல்லை. விசாரணை வந்தபோது தியுர்மா, "யாரோ ஹேக் பண்ணிட்டாங்க பாக்," என்றாள். அன்றிலிருந்து கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

அந்தப் பொய்யை மெய்யாக்கத்தான் இன்று ஹேஷ் நிரலை ஓட்டியிருந்தாள். இப்போது ஆயிரத்துச் சொச்சம் வரிகளும் படிக்க முடியாத எழுத்துக் குவியலாகியிருக்க, நடுவில் ஒன்று மட்டும் தெளிவாக நின்றது. மெலாத்தி1203. நிங்ருமுடையது.

நிரலை மறுபடி ஓட்டினாள். மாறவில்லை. வரியையே அழித்தாள். திரும்பி வந்தது. பக்கத்துக் கட்டத்தில், கடைசியாக உள்ளே வந்த நேரம்: இன்று, 12:14.

கடிகாரத்தைப் பார்த்தாள். 12:14.

பிரசங்கம் நின்றிருந்தது. சொட்டுவதும்.

மேசைப் போன் அடித்தது. எடுத்தாள். ஒரு பெண் குரல்.

"அக்கா, பாஸ்வேர்ட் மறந்துபோச்சு. அவருக்குப் படிச்ச மாதிரி எனக்கும் படிங்களேன்."

தியுர்மா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"பரவால்லக்கா. நானே படிக்கிறேன். ஏழு."

வெளியே எண்பூட்டில் ஒரு பீப்.

"ரெண்டு."

பீப்.

கதவுக்குத் தியுர்மா வைத்த எண்கள்.

மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது.

ஆறாவது எண்ணை அந்தக் குரல் நிதானமாகப் படித்தது, அன்று அவள் படித்ததைப் போலவே. கதவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.