இறுகிய மண்

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா திரும்பி வந்தபோது கையில் தம்பி இல்லை. பிறந்து ஒரே ஓர் இரவுதான் அவன் உயிரோடு இருந்தான். நிரோஜினி அவனைப் பார்க்கவே இல்லை.

"அம்மாவிட்ட அவனைப்பற்றி ஒண்டும் கதைக்காதை, பிள்ளை," என்றார் அப்பா. "அவ தாங்கமாட்டா."

"ஓம், அப்பா."

அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. தம்பிக்குத் தைத்த சின்னச் சட்டைகள் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டன. திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா வேலைக்குப் போனார், வந்தார், சமைத்தார். அவர் வைத்த சொதியில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. முன்பென்றால் அம்மா அவரைக் குசினியை விட்டே துரத்தியிருப்பார். இப்போது ஒன்றும் சொல்லாமல் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பின்வளவில் அம்மாவின் தோட்டம் இருந்தது. பழைய பெயின்ட் வாளிகளில் கத்தரி, கொச்சிக்காய், செவ்வரத்தை. எல்லாம் வாடிக் கிடந்தன.

இனி இதை நான்தான் பார்க்கவேண்டும் என்று நினைத்தாள் நிரோஜினி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒவ்வொரு வாளிக்கும் தண்ணீர் ஊற்றினாள். அந்த ஊர் வீதிகளில் மாடுகள்போலத் திரியும் மான்கள் உள்ளே வந்து மேய்ந்துவிடாமல் படலையைக் கயிற்றால் கட்டினாள். ஒரு மான் படலைக்கு மேலால் தலையை நீட்டி, என் சாப்பாட்டை ஏன் பூட்டி வைத்தாய் என்பதுபோல் அவளைப் பார்த்தது.

"வேற வீட்டை போய்க் கேள்!" என்றாள் அவள்.

ஆனாலும் செடிகள் தேறவில்லை. கத்தரி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. ஒருநாள் அவள் குந்தியிருந்து உற்றுப் பார்த்தாள். ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் போகவேயில்லை. இறுகிய மண்ணின் மேலால் வழிந்து, வாளியின் ஓரத்தால் இறங்கி, அடியிலிருந்த ஓட்டையால் ஓடிக்கொண்டிருந்தது.

குசினியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வந்து கிளறினாள். மண் சீமெந்து மாதிரி இருந்தது. எவ்வளவு கவனமாகக் கொத்தியும் ஒரு சின்ன வேர் அறுந்துவிட்டது.

"நோகுதோ?" என்று செடியிடம் கேட்டாள்.

மறுபடி தண்ணீர் ஊற்றினாள். இந்தத் தடவை மண் அதை மெல்ல உறிஞ்சியது.

நிரோஜினி கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுடைய நெஞ்சுக்குள்ளும் ஏதோ இறுகிக் கிடந்தது. தம்பிக்காக அவள் இன்னும் அழவில்லை. அம்மாவும் அவள் பார்க்க அழவில்லை.

மண் ஒட்டிய கையோடே அம்மாவின் அறைக்குப் போனாள். அப்பா சொன்னது நினைவுக்கு வர, கதவடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கட்டிலில் போய் இருந்தாள்.

"அம்மா... தம்பிக்கு முடி இருந்ததோ?"

அம்மா அசையவில்லை. கேட்டிருக்கக் கூடாதோ என்று நிரோஜினிக்குப் பயம் பிடித்தது.

"இருந்தது," என்றார் அம்மா, சுவரைப் பார்த்தபடியே. "நிறைய. உன்ர மாதிரிச் சுருள் முடி."

அதற்குமேல் அவரால் ஏலவில்லை. ஓவென்று அழுதார். நிரோஜினி அம்மாவின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவளும் விம்மி விம்மி அழுதாள்.

வேலையால் வந்த அப்பா சத்தம் கேட்டு ஓடி வந்தார். கட்டில் விரிப்பெல்லாம் மண்.

"பிள்ளை, நான் உனக்கு என்ன சொன்னனான்?"

"அவளை ஏசாதைங்கோ," என்றார் அம்மா. "இவ்வளவு நாளும் அவன்ர கதையை ஒருத்தரும் என்னட்டக் கேட்கேல்லை. இவள்தான் கேட்டவள்."

அப்பா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அண்டைக்கு இரவு முழுக்க அவன் என்ர விரலைப் பிடிச்சுக்கொண்டுதான் கிடந்தவன்."

அம்மா சட்டென்று எழுந்து இருந்தார். "எந்த விரலை?"

அப்பா தன் சுண்டுவிரலை நீட்டினார். அம்மா அதைத் தன் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. லைட்டைப் போட ஒருவரும் எழும்பவில்லை.

"இன்னும் சொல்லுங்கோ அப்பா," என்றாள் நிரோஜினி.