வேம்புலி எடுத்துக்கொடுத்த வசனம்

டேப்பில் ஞானகுமாரியின் குரலுக்கு முன்னால் இன்னொரு குரல் இருந்தது.

அது யாருடையது என்று முதலில் அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், மிலிட்டரி சரக்குப் பாதையை ஒட்டி இருந்த அவர்களுடைய வீட்டுக் கூடத்தில், ரயில் சத்தம் உள்ளே வராதபடி ஜன்னல்களையெல்லாம் கம்பளியாலும் கோணிச் சாக்காலும் அடைத்திருந்தார்கள். சாக்கின் தவிட்டு வாடையும், படம் பிடிக்கத் தொங்கவிட்ட பெரிய பல்புகளின் சூட்டில் காய்ந்த சுண்ணாம்பு வாடையும், நாலு பேரின் வியர்வையும் ஒன்றாகச் சேர்ந்து, பட்டப்பகலிலேயே மூடிய பெட்டிக்குள் கிடப்பது போல மூச்சு முட்டியது. அவள் கணவன் பால்ராஜ் டேப் ரெக்கார்டரின் ஸ்பூலைப் பின்னுக்கு ஓட்டி, சற்றுமுன் எடுத்த காட்சியைப் போட்டான். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு தொண்டையை மெல்லச் செருமும் சத்தம். அதையடுத்து, காதோரம் குனிந்து சொல்வது போலத் தாழ்ந்த ஓர் ஆண் குரல்:

"அத்தே, அவரு வர்ற நேரந்தான்."

அதற்கப்புறம்தான் அவளுடைய குரல் கணீரென்று வந்தது. "அத்தே, அவரு வர்ற நேரந்தான். நீங்க சாப்பிடுங்க."

"நிறுத்து நிறுத்து," என்றார் கங்காதரன். "யாருய்யா எடுத்துக் குடுத்தது?"

கங்காதரன் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் சூப்பர்வைசர். 'நாளை ஞாயிறு' நாடகத்தை எழுதியவர். இப்போது இரவல் கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு அதையே அரைமணி நேரப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கேமராவைப் பிடித்தார், பால்ராஜ் ஒலிப்பதிவு. நடிப்பவர்கள் இரண்டே பேர்: கண் தெரியாத மாமியாராகச் சொர்ணம், மருமகளாக ஞானகுமாரி. வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை.

"நான் வாயே தொறக்கலண்ணே," என்றான் பால்ராஜ். "பழைய டேப்பு. மின்ன பதிஞ்சது சரியா அழியல போல கீது."

எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஞானகுமாரியும் தலையாட்டினாள். ஆனால் அந்தச் செருமலை அவளுக்குத் தெரியும். அது வேம்புலியின் செருமல்.

ஏழெட்டு வருஷமாக அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும், கோயில் திருவிழா என்றாலும் மாதாகோயில் விழா என்றாலும், ஜனங்கள் 'நாளை ஞாயிறு' போடச் சொல்லித்தான் கேட்பார்கள். கணவன் விபத்தில் செத்துப்போனதைக் கண் தெரியாத மாமியாரிடம் சொல்ல மனம் வராமல், அவன் உயிரோடு இருப்பதாகவே ஒவ்வொரு நாளும் பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் கதை. ஷிப்டு முடிந்து அழுக்குச் சட்டையோடு வந்து உட்கார்ந்த ஆண்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அத்தனை மேடையிலும் பக்கத் திரைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, மூக்குப்பொடி வாடையோடு, ஒரு வரிக்கு முன்னால் அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தவர் வேம்புலி. யாராவது மறந்துபோய் நின்றால் அவருக்குக் கோபம் வராது. செருமிவிட்டு மறுபடி சொல்வார். திரும்பவும் சொல்வார். அதே தாழ்ந்த குரலில்.

போன ஐப்பசியில் மஞ்சள்காமாலை வந்து அவர் இறந்துபோனார். அதற்கப்புறம் கரையான்சாவடியில் ஒரே ஒருமுறை நாடகம் போட்டார்கள். பாதியில் ஞானகுமாரிக்கு வசனம் மறந்தது. அவளைப் பார்த்துச் சொர்ணத்துக்கும் மறந்தது. படுதாவை இறக்க வேண்டியதாயிற்று. படமாக எடுக்கும் யோசனை கங்காதரனுக்கு அப்போதுதான் வந்தது. "சினிமான்னா ஒவ்வொரு வரியா எடுத்துக்கலாம். எடுத்துக் குடுக்க ஆளே வேணாம்," என்றார்.

பால்ராஜ் புது ஸ்பூலைப் பிரித்து மாட்டினான். அதே காட்சியை மறுபடி எடுத்தார்கள். முடிந்ததும் சொர்ணம் எல்லோருக்கும் டீ ஊற்றினாள். குடித்துவிட்டு டேப்பைப் போட்டுக் கேட்டார்கள்.

செருமல். கிசுகிசுப்பு. பிறகு அவள் குரல்.

ஸ்பூல் சுற்றிக்கொண்டே இருந்தது. காட்சி முடிந்தது, டம்ளர்கள் உரசும் சத்தம் வந்தது. டீ குடிக்கும்போது பால்ராஜ் மெஷினை நிறுத்த மறந்திருக்கிறான். அந்தத் தாழ்ந்த குரல் சொன்னது:

"டீல சக்கர கம்மியா கீதுடி."

உடனே டேப்பில் சொர்ணத்தின் குரல்: "டீல சக்கர கம்மியா கீதுடி."

"எனக்கு சரியாத்தான் கீதுக்கா," என்றது அது. டேப்பில் ஞானகுமாரி அதையே சொன்னாள்.

"கரண்ட் போறதுக்குள்ள அடுத்தத எடுத்துடலாம்," என்றது. டேப்பில் கங்காதரன் அதையே சொன்னார்.

சொர்ணம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவர்கள் தம்பாட்டுக்குப் பேசியவை அவை. யாரும் எழுதாதவை. டேப்பில் நாற்காலிகள் நகரும் ஓசை, பிறகு இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் மறுபடியும் செருமல்.

"போதும். நிறுத்து அத," என்றது.

இந்த முறை டேப்பில் பதில் வரவில்லை. கூடத்தில், அவளுக்குப் பக்கத்தில், முகமெல்லாம் வெளிறிப்போய் நின்ற கங்காதரன் வாயைத் திறந்தார்.

"போதும். நிறுத்து அத."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. பால்ராஜ் பிளக்கைப் பிடுங்கினான்.

"செத்தவன் பேசறத வெச்சி படம் எடுக்கணுமா?" சொர்ணம் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டாள். "என்ன உட்டுடுங்க சாமி. நான் வர்ல." கங்காதரன் அவளைத் தடுக்கவில்லை. கேமராவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அவரும் போனார். பால்ராஜ் இரண்டு ஸ்பூலையும் கொல்லையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினான். டேப் சுருண்டு, கரிந்து, தார் போல ஒழுகியது. அந்த நாற்றம் அடங்கும் வரைக்கும் அவன் ஞானகுமாரியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவ்ளோதான் குமாரி. முடிஞ்சிபோச்சி. இனிமே படமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவள் 'ஆமாங்க' என்று சொல்ல வாயெடுத்தாள். இடது காதுக்கு வெகு அருகில், மூக்குப்பொடி வாடையோடு ஒரு மூச்சு பட்டது.

"ஆமாங்க."

விளக்கு வைத்த பிறகு சமையலறையில் அவனுக்குச் சோறு போட்டாள். சென்ட்ரலிலிருந்து வரும் மின்சார ரயில் தூரத்தில் இரைந்துகொண்டு வந்தது. குழாயடியில் யாரோ குடத்தை நங்கென்று வைத்தார்கள். அடுத்த வீட்டு டிரான்சிஸ்டர் கரகரத்தது. குழம்புச் சட்டியை அவள் கையில் எடுத்தபோது காதோரம் செருமல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சொல்லமாட்டேன். என்ன செய்துவிடுவாய்?

குழம்புச் சட்டியின் ஆவி மேலே போகவில்லை என்பதைத்தான் முதலில் கவனித்தாள். எழும்பிய ஆவி எழும்பிய இடத்திலேயே நின்றது. ரயில் இரைச்சல் இல்லை. டிரான்சிஸ்டர் இல்லை. பால்ராஜ் உருண்டையை வாய்க்குக் கொண்டுபோன நிலையில், பாதி திறந்த வாயோடு, இமைக்காமல் அவளைப் பார்த்தபடி இருந்தான்.

"இன்னாங்க," என்று கூப்பிட நினைத்தாள். நாக்கு அதற்கு வளையவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். சுவரில் பதித்த கல்லை இழுப்பது போல இருந்தது. மேடையில் அவள் வசனம் மறந்து நிற்கும்போது மற்றவர்கள் எப்படி நிற்பார்களோ அப்படி. அவள் சொல்லட்டும் என்று.

செருமல். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

எத்தனை நேரம் தாங்கினாளோ தெரியாது. அந்த அமைதி காதுக்குள் பஞ்சு போல அடைத்தது. கடைசியில் அவள் சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

ரயில் தடதடவென்று கடந்தது. "ஊத்து," என்றான் பால்ராஜ், சோற்றை மென்றுகொண்டே. "இன்னா அப்படி பாக்கற?"

அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று தவித்தாள். குரல் எடுத்துக்கொடுத்தது வேறு: "ஒண்ணுமில்லீங்க." அதைத்தான் சொல்ல முடிந்தது. படுக்கும்முன் ஜெபம் செய்ய மண்டியிட்டாள். ஜெபத்தின் முதல் சொல்லையும் அது எடுத்துக்கொடுத்தது.

மறுநாள் அவள் கூடியவரை வாயைத் திறக்கவில்லை. பேச்சே இல்லாத இடங்களில் காலம் சாதாரணமாக நகர்ந்தது. அவள் முறை வந்தால் மட்டும் எல்லாம் நின்றது. பால்காரன் நின்றான். கொடியில் ஆடிய சேலை நின்றது. சொன்னாள், நகர்ந்தது. சொன்னாள், நகர்ந்தது. அவளுடைய வாயைக் கொண்டு இந்த வீட்டை, இந்தத் தெருவை யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது யாருக்கும் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பால்ராஜ் தான் வேலை பார்க்கும் கடையிலிருந்து சீக்கிரமே வந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த லைட்டுங்களப் பாத்தாதான் உனக்கு இப்படி இருக்குது. எல்லாத்தையும் இப்பவே கழட்டிப் போட்டுடறேன்," என்றான். ஜன்னல் சாக்குகளைக் கிழித்து எறிந்தான். கூடத்தில் வெளிச்சம் வந்தது. அவளுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. அவனுக்குக் காபி கலக்கலாம் என்று சமையலறைக்குள் போனாள். கூடத்தில் அவன் ஸ்டூலை இழுக்கும் சத்தம், சீட்டியடிக்கும் சத்தம்.

தண்ணீர் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

செருமல்.

"ஐயோ, ஏங்க... கண்ணத் தொறந்து பாருங்க. ஏங்க..."

அவளுக்குப் புரியவில்லை. யாரிடம்? எதற்கு?

சீட்டி நின்றிருந்தது.

ஓடினாள்.

பால்ராஜ் சுவரோரம் ஸ்டூல்மேல் நின்றான். வலது கை, மீட்டர் பலகையிலிருந்து விளக்குகளுக்கு இழுத்திருந்த ஒயரைப் பிடித்திருந்தது. குதிகால்கள் உயர்ந்திருந்தன. கழுத்து பின்னால் வளைந்து, நரம்புகள் கயிறு போலப் புடைத்திருந்தன. இடது கையிலிருந்து நழுவிய திருப்புளி தரைக்கு வரவில்லை. முழங்கால் உயரத்தில், காற்றில் நின்றது. விரல்களுக்கிடையே மெல்லிய புகை. அது கலையவில்லை. நூல் போல விறைத்து நின்றது.

மெயின் சுவிட்ச். தாவிப் பிடித்துத் தொங்கினாள். அசையவில்லை. மணைப்பலகையை எடுத்து அவன் கையில் ஓங்கி அடித்தாள். சத்தமே இல்லை. மறுபடி அடித்தாள். பலகைதான் பிளந்தது.

"ஐயோ, ஏங்க... கண்ணத் தொறந்து பாருங்க."

சொன்னால் நகரும். சொன்னால் திருப்புளி விழும். ஸ்டூல் சாயும். அவன் விழுவான். அதற்கான வசனம் அது.

சொல்லமாட்டேன்.

கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடினாள். யாராவது. யாராவது ஒருத்தர். குழாயடியில் பெண்கள் நின்றார்கள். குடத்தில் விழும் தண்ணீர் கண்ணாடிக் குச்சி போல நின்றது. ஒருவன் சைக்கிளில் சாயாமல் உட்கார்ந்திருந்தான். பெட்டிக்கடைக்காரன், நாய், ஸ்டேஷனிலிருந்து வந்துகொண்டிருந்த ஆண்கள். ஒருவர் பின் ஒருவராக, வரிசை வரிசையாக. எல்லா முகங்களும் அவள் வாசலைப் பார்த்தே திரும்பியிருந்தன.

உள்ளே வந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அவன் எதிரில் நின்றாள். வெளிச்சம் மங்கவும் இல்லை, கூடவும் இல்லை. எவ்வளவு நேரம்? நேரம் என்று ஒன்று இல்லை. கரிந்த சதையின் வாடை மட்டும் மெல்ல, மிக மெல்ல, வளர்ந்துகொண்டிருந்தது.

அது வளர்கிறதே.

நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். இமை அசையவில்லை. உதடு அசையவில்லை. ஆனால் அந்தச் சிவந்த கண்ணுக்குள் கருமணி துடித்தது. இடமும் வலமும் அலைந்தது. அவளைத் தேடிப் பிடித்தது. அத்தனை நேரமும் அவன் உள்ளே விழித்துத்தான் இருந்திருக்கிறான். அத்தனை நேரமும் மின்சாரம் அவன் உடம்பில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

காதோரம் செருமல் கேட்டது. கோபமில்லாமல், அதே தாழ்ந்த குரலில், வரி மறுபடி வந்தது.

பொத்திய கைகளுக்குப் பின்னால் அவள் உதடுகள் நடுங்கின. பால்ராஜின் கண்கள் அந்தக் கைகளை எடுக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தன.